ஏழு கணக்கு

அந்த லாரி தும்மிக்கொண்டே வந்து நின்றது. புகை போவதற்கென்று பின்னால் குழாய் இருக்க, காற்றை உள்ளே இழுக்க வேண்டிய ஏர் கிளீனர் வழியாக ‘புஸ்… புஸ்…’ என்று திருப்பித் துப்பிக்கொண்டிருந்தது. டிரைவர் தெலுங்கில் யாரையோ திட்டிக்கொண்டே இறங்கினார். மேஸ்திரி கையிலிருந்த டீ கிளாஸைக் கீழே வைக்கவில்லை. காதை மட்டும் அந்தப் பக்கம் திருப்பினார்.

“கேம் போயிருக்குடா தம்பி. துண்டை எடுத்து வை. ரெண்டு நாள் வேலை.”

1994 மே மாதம். பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த நாட்கள். ஆரம்பாக்கத்தில் பையன்கள் லீவில் சும்மா இருந்தால் பழவேற்காடு ஏரிப் பக்கமோ, எல்லைக் கோட்டைத் தாண்டித் தடாவுக்கோ சுற்றப் போய்விடுவார்கள் என்று என் அம்மாவுக்குப் பயம். ஜி.என்.டி. ரோட்டோரம் புளியமரத்தடியில் இருந்த லாரி ஷெட்டில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினாள். தினம் பத்து ரூபாய், மதியச் சாப்பாடு, கூடவே வசவு. கொல்கத்தா வரைக்கும் போகிற ரோடு அது. தமிழ்நாட்டுப் பக்கம் கடைசி ஊர் எங்களுடையது. எளாவூர் செக்போஸ்ட்டில் பில்லுக்கும் பர்மிட்டுக்கும் லாரிகள் மணிக்கணக்காக வரிசை கட்டி நிற்கும். நிற்கிற லாரிதான் மெக்கானிக்குக் கஞ்சி ஊற்றும் என்பார் மேஸ்திரி. ஓடுகிற லாரிக்கு எங்களைப் பார்க்க ஏது நேரம்?

தும்மிய அந்த லாரியை மேஸ்திரி அணைக்க விடவில்லை. ஓட விட்டுக்கொண்டே, இன்ஜெக்டருக்கு டீசல் கொண்டுபோகிற பைப்புகளின் நட்டை ஒவ்வொன்றாக லேசாகத் தளர்த்தினார். முதல் சிலிண்டரில் தளர்த்தினதும் என்ஜின் தொங்கியது. அதாவது அந்தச் சிலிண்டர் வேலை செய்துகொண்டிருந்தது, இப்போது நின்றுவிட்டது. இறுக்கினார். இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் தளர்த்தினபோது என்ஜின் தொங்கவே இல்லை. ஆனால் தும்மல் நின்றது. மேஸ்திரி டிரைவரின் முகத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவருக்குத் தெலுங்கும் தெரியும், இந்தி கொஞ்சம் தெரியும். ஆனாலும் இந்த மாதிரி நேரத்தில் எந்தப் பாஷையும் பேசமாட்டார்.

ராக்கர் கவரைக் கழற்றியதும் என்னைப் பக்கத்தில் குந்தச் சொன்னார். ஒரு ஆள் முன்னால் கம்பி போட்டு என்ஜினைக் கையால் சுற்ற, பன்னிரண்டு ராக்கர்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தலையாட்டின. கோயில் வாசலில் தலையாட்டுகிற பூம்பூம் மாட்டைப் போல. ஐந்தாறு முறை பார்த்த பிறகுதான் என் கண்ணுக்குப் பட்டது: மூன்றாவது சிலிண்டரில் ஒரு ராக்கர் மட்டும் அரைகுறையாக ஆட்டியது. மற்றதெல்லாம் விரல் கனம் இறங்கி எழ, இது நகக்கனம்கூட இறங்கவில்லை.

“அதான் எக்ஸாஸ்ட். கதவு தொறக்கல. எரிஞ்சது வெளிய போக வழியில்ல. அடுத்தாப்ல இன்லெட் தொறக்குது பாரு, அந்த வழியா வந்துடுது.”

கேம் ஷாஃப்ட் என்ற வார்த்தையை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். புத்தகத் தமிழில் இதை நெம்புருள்தண்டு என்கிறார்கள். நல்ல சொல்தான், உருண்டுகொண்டே நெம்புகிறது என்று வேலையையே பெயராகச் சொல்லிவிடுகிறது. ஆனால் ஷெட்டில் அப்படிச் சொன்னால் யாரும் ஸ்பேனரை எடுத்துக் கொடுக்கமாட்டார்கள்.

ஒரு நீளமான தண்டு. அதில் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் திசை மாற்றி வைத்த முட்டைகள். முட்டையின் உருண்டைப் பக்கம் டேப்பட்டுக்குக் கீழே வரும்வரை ஒன்றும் நடக்காது, வால்வு மூடியே இருக்கும். கூர்ப்பக்கம் வரும்போது டேப்பட்டை மேலே தூக்கும். டேப்பட் புஷ் ராடைத் தூக்கும். புஷ் ராடு ராக்கரின் ஒரு முனையைத் தூக்க, ஏற்றமரம் மாதிரி மறுமுனை இறங்கி வால்வை அமுக்கித் திறக்கும். கேமுக்குத் தள்ளத்தான் தெரியும், இழுக்கத் தெரியாது. மூடுவது ஸ்பிரிங்கின் வேலை. (இத்தாலிக்காரர்களின் டுகாட்டி பைக்கில் மூடுவதற்கும் தனியாகக் கேம் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பல வருஷம் கழித்துப் படித்தபோது, மேஸ்திரியிடம் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது.)

தண்டைச் சுற்றுவது கிராங்க். அதன் பல்சக்கரத்துக்கு 28 பல் என்றால் கேமின் சக்கரத்துக்கு 56. கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்று. இழுப்பு, அழுத்தம், வெடிப்பு, வெளியேற்றம் என்று நான்கு வேலைக்கு பிஸ்டன் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்க வேண்டும். அந்த நான்கில் ஒவ்வொரு வால்வுக்கும் ஒரே ஒரு முறைதான் வேலை. அதனால்தான் பாதி வேகம். ரோட்டில் லாரி 1500 சுற்றில் போனால் ஒவ்வொரு வால்வும் நிமிஷத்துக்கு 750 தடவை திறந்து மூடும். கொல்கத்தாவுக்கு 1,600 கிலோமீட்டருக்கு மேல். 40 மணி நேரம் என்ஜின் ஓடினால் 18 லட்சம் தடவை. எண்ணெய் இல்லாமல் இதைச் செய்யச் சொன்னால் எந்த இரும்புதான் தாங்கும்? அந்த லாரிக்காரர் ஆயில் மாற்றியே வெகுநாள் ஆகியிருந்தது. என்ஜின் அடியில் ஆயில் தங்குகிற சம்ப்பைத் திறந்தபோது வந்தது ஆயில் இல்லை, தார்.

கேமை வெளியே எடுப்பது பெரிய கூத்து. முன்னால் ரேடியேட்டர், ஃபேன், டைமிங் கவர் எல்லாம் கழற்றியாக வேண்டும். கேமை முன்பக்கமாக உருவ வேண்டும். ஆனால் உருவினால் மேலே உட்கார்ந்திருக்கும் டேப்பட்டுகள் பன்னிரண்டும் ‘தொபுக் தொபுக்’ என்று சம்ப்புக்குள் விழும். அதற்கு மேஸ்திரி ஒரு வழி வைத்திருந்தார். புஷ் ராடுகளை எடுத்துவிட்டு, அந்தத் துளைகள் வழியாக மூங்கில் குச்சிகளை விட்டு டேப்பட்டின் குழிக்குள் இறுகச் சொருகுவார். பிறகு குச்சியோடு சேர்த்து மேலே தூக்கி, இரண்டிரண்டாகச் சைக்கிள் டியூப் ரப்பரால் கட்டிவிடுவார். பார்க்க என்ஜினுக்கு மேல் பந்தல்கால் நட்டது போல இருக்கும். குச்சி சீவிக் கொடுத்தது நான். பன்னிரண்டில் இரண்டு லூசாகப் போய், இரண்டு டேப்பட் விழுந்தன. பொறுக்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். அப்போது மட்டும் திட்டவில்லை.

வெளியே வந்த கேமை டீசலில் கழுவி, பனியன் வேஸ்ட்டால் துடைத்து, மரப்பெட்டி மேல் வைத்தார். பதினொரு முட்டைகள் கண்ணாடி மாதிரி மின்னின. ஒன்று மட்டும் மூக்கு தேய்ந்து, பொரிப்பொரியாக, நாய் கடித்த எலும்பு போல இருந்தது. அதன் மேல் உட்கார்ந்திருந்த டேப்பட்டைத் தலைகீழாகக் காட்டினார். அடிப்பக்கத்தில் குறுக்காக ஒரு தடம்.

“மத்ததுல பாரு. வட்ட வட்டமாத் தேஞ்சிருக்கா? இது ஒரே எடத்துல தேஞ்சிருக்கு. சுத்தறத நிறுத்திட்டுது.”

இதுதான் எனக்குப் பிடித்துப்போனது. டேப்பட் மேலும் கீழும் மட்டும் போவதில்லை, தானும் மெல்லச் சுற்றுகிறது. அதற்காகவே கேம் முட்டையின் மேல்பரப்பை மயிரிழை சாய்வாக அரைத்திருப்பார்கள். டேப்பட்டின் அடி, பார்த்தால் தட்டை போலத் தெரிந்தாலும் கொஞ்சம் குவிந்திருக்கும். நடுவும் நடுவும் நேராகப் படாமல் ஓரமாகப் படும்படி வைத்திருப்பார்கள். உரசுகிற ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் திரும்பிக்கொள்ளும், அடி ஒரே இடத்தில் விழாது. சுற்றுவது நின்றால் அன்றைக்கே சாவு ஆரம்பம். பல வருஷம் கழித்து, ஐ.டி.ஐ. முடித்துக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தபோது, டயல் கேஜ் வைத்து அந்தச் சாய்வை நானே அளந்திருக்கிறேன். வார்ப்பிரும்புக் கேம் வார்க்கும்போது முட்டை வருகிற இடத்தில் மட்டும் அச்சுக்குள் இரும்புத் துண்டுகளை வைத்திருப்பார்கள். அங்கே உருகிய இரும்பு சட்டென்று குளிர்ந்து கல்லாய் இறுகும். மற்ற இடம் மெல்லக் குளிர்ந்து, வெட்ட வசதியாக மெத்தென்று இருக்கும். ஒரே வார்ப்பில் இரண்டு குணம். அளக்கும்போதெல்லாம் நாய் கடித்த எலும்புதான் நினைவுக்கு வரும்.

மறுநாள் விடியற்காலை மேஸ்திரி புது கேம் வாங்க மெட்ராஸ் போனார். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கிடைக்கும். சிலர் புதுப்பேட்டையில் பழசு எடுத்து வந்து மாட்டுவார்கள். இவர் மாட்டமாட்டார். கேம் மாற்றினால் டேப்பட்டும் பன்னிரண்டும் புதுசு போட வேண்டும், பழைய டேப்பட் புதுக் கேமை ஒரு மாசத்தில் தின்றுவிடும் என்று லாரிக்காரரிடம் சண்டை போட்டுத் துட்டு வாங்கிக்கொண்டு போனார். சாயங்காலம் சாக்கு சுற்றிய அந்தக் கேமைத் தொட்டில் பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். கண்டக்டர் லக்கேஜ் போட்டுவிட்டான் என்று பத்து நிமிஷம் புலம்பினார்.

மாட்டும்போதுதான் என் திருவிளையாடல். கேமை உள்ளே விடும்போது அதன் பல்சக்கரத்தில் இருக்கிற புள்ளி, கிராங்க் சக்கரத்தின் புள்ளிக்கு நேராக வர வேண்டும். “புள்ளியப் பாத்துக்கினே இரு, சேர்ந்ததும் சொல்லு” என்று என்னிடம் விட்டுவிட்டு அவர் பின்னால் இருந்து தாங்கிக்கொண்டிருந்தார். பல் பல்லைத் தொட்டதும் புள்ளிகள் நேராக நின்றன. “சேந்துடுச்சு மேஸ்திரி” என்றேன். உள்ளே தள்ளினோம். மறுபடி பார்க்கவில்லை நான். அந்தச் சக்கரங்களின் பல் நேர்ப்பல் இல்லை, சாய்ந்த பல். உள்ளே போகப் போகச் சக்கரம் தானாகக் கொஞ்சம் திரும்பிக்கொண்டே போகும். தொடும்போது நேராக இருந்த புள்ளி, முழுக்க உட்கார்ந்த பிறகு ஒரு பல் தள்ளி நின்றது. அதைக் கணக்கில் வைத்து, ஒரு பல் முன்னாலேயே பிடித்து உள்ளே விட வேண்டும். எனக்கு எப்படித் தெரியும்? டைமிங் கவரைப் போட்டு மூடிவிட்டோம்.

ராக்கர், புஷ் ராடு எல்லாம் ஏறியது. மேஸ்திரி கை கழுவப் போனார். “கையால ரெண்டு சுத்து சுத்து. எங்கனா இடிச்சா நிறுத்திடு. ஸ்டார்ட்டர் பக்கம் போவாத.” சுற்றினேன். கால் சுற்றில் நின்றது. புது என்ஜின் வேலை, இறுக்கமாக இருக்கும் என்று நினைத்தேன். பதினைந்து வயசு. பலத்தைக் காட்ட வேண்டும் என்ற ஆசை வேறு. கம்பிக்கு மேல் ஒரு இரும்புக் குழாயைச் சொருகி அமுக்கினேன்.

‘டொக்.’

சத்தம் பெரிதாக இல்லை. தேங்காய் ஓட்டை விரலால் சுண்டினது போலத்தான். மேஸ்திரி ஈரக் கையோடு ஓடி வந்தார்.

ஒரு பல் என்பது கிராங்க் கணக்கில் ஏறக்குறைய 13 டிகிரி. அவ்வளவுதானே என்று தோன்றும். டீசல் என்ஜினில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதற்கும் மேலே உள்ள மூடிக்கும் நடுவில் இருக்கிற சந்து மிகச் சின்னது. எக்ஸாஸ்ட் வால்வு மூடி முடிக்கப் பிந்தியது. பிஸ்டன் ஏறி வந்து அதை முட்டியது. வால்வு நேர்ச் செங்குத்தாக நிற்பதால் வளையவில்லை, வந்த வழியே மேலே போனது. மேலே ராக்கர், கீழே கேம், நடுவில் மாட்டிக்கொண்டது புஷ் ராடு. அவர் அதை உருவி, ஷெட் சுவரில் மாட்டியிருந்த முகம் பார்க்கிற கண்ணாடியைக் கழற்றிப் படுக்க வைத்து, அதன் மேல் உருட்டினார். நேராக இருந்தால் சத்தமில்லாமல் உருளும். இது ‘தட… தட…’ என்று தாவித் தாவி உருண்டது.

அடிப்பார் என்று நினைத்தேன். “கவரைக் கழட்டு” என்று மட்டும் சொன்னார். கழற்றிப் புள்ளியைப் பார்த்ததும் எனக்கே அழுகை வந்தது. அவர் சிரித்துவிட்டார். அவருக்கும் இது நடந்திருக்கிறது என்பதை நான் ஊகிக்க வேண்டியிருந்தது. அவர் சொல்லவில்லை.

வேறு புஷ் ராடு வரும்வரை ஒரு நாள் வண்டி நின்றது. அந்த ஒரு நாளில்தான் ஏழு கணக்கு கற்றேன்.

ஆறு சிலிண்டர். வெடிக்கிற வரிசை 1-5-3-6-2-4. டேப்பட் சந்து (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் விடுகிற இடைவெளி) வைக்க, அந்தச் சிலிண்டரின் இரண்டு வால்வும் மூடியிருக்க வேண்டும். எது மூடியிருக்கிறது என்று உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. அதற்குத்தான் ஜோடி. ஒன்றுக்கு ஆறு. ஐந்துக்கு இரண்டு. மூன்றுக்கு நான்கு. கூட்டினால் எல்லாம் ஏழு. ஜோடிகளின் பிஸ்டன்கள் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். ஒன்று வெடிக்கத் தயாராக உச்சியில் நிற்கும்போது மற்றது புகையைத் தள்ளி முடித்துக் காற்றை இழுக்கத் தொடங்கும். அந்தச் சமயத்தில் அதன் இரண்டு ராக்கர்களையும் பார்த்தால், ஒன்று கடைசி மயிரிழை எழுந்துகொண்டிருக்கும், மற்றது முதல் மயிரிழை இறங்கத் தொடங்கியிருக்கும்.

“ரெண்டும் கை மாத்துது பாரு” என்பார் மேஸ்திரி. “ஆறு கை மாத்துனா ஒண்ணுல சந்து வை. ரெண்டு கை மாத்துனா அஞ்சுல வை.”

எனக்கு ஒரு சந்தேகம். ஒன்று முழுக்க மூடிய பிறகுதானே மற்றது திறக்க வேண்டும்? இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் உள்ளே வருகிறது வெளியே போய்விடாதா?

அவர் ரோட்டைக் காட்டினார். எதிரே ரெட்ஹில்ஸ் பஸ் வந்து நின்றிருந்தது. இறங்குகிறவர்கள் இறங்கி முடிக்கவில்லை. பின்படியில் அதற்குள் ஏழெட்டுப் பேர் தொற்றியாகிவிட்டது. “எல்லாரும் எறங்கட்டும்னு நின்னா பஸ் போயே பூடும். போறவன் போற வேகத்துல வரவனையும் இஸ்துக்குவான்.” அதேதான். வெளியே பாய்கிற புகையின் வேகம் பின்னாலேயே புதுக் காற்றை இழுக்கும். மூடும்போதும் அப்படித்தான். பிஸ்டன் அடிக்குப் போய்த் திரும்பி ஏறத் தொடங்கிய பிறகும் இன்லெட் கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். ஓடி வருகிற காற்று சட்டென்று நிற்காது, உள்ளே வந்து நெருக்கிக்கொள்ளும். முட்டையின் வடிவத்தில் யாரோ இதையெல்லாம் கணக்குப் போட்டுச் செதுக்கியிருக்கிறார்கள்.

சந்து பன்னிரண்டு தவ். ஓர் அங்குலத்தை ஆயிரமாக்கினால் அதில் பன்னிரண்டு பங்கு, 0.30 மில்லிமீட்டர். பில்லர் கேஜ் தகட்டை ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே விட்டு இழுத்தால், ஈர நூலை இரண்டு விரலில் பிடித்து உருவுகிற இழுவை இருக்க வேண்டும். சந்து ஏன்? சூடேறினால் எல்லாம் நீளும். இடம் விடாவிட்டால் வால்வு முழுக்க உட்காராது, விளிம்பு கருகும். அதிகம் விட்டால் ‘டக டக’ என்று ஊரைக் கூட்டும். சத்தம் போடுற டேப்பட் பரவாயில்லை, சத்தமே போடாததுதான் ஆபத்து என்பார்.

மேஸ்திரியின் சொந்த வண்டி ஒரு புல்லட். 1955இல் இங்கிலாந்தின் ரெடிட்ச் கம்பெனியோடு மெட்ராஸ் மோட்டார்ஸ் சேர்ந்து தொடங்கி, திருவொற்றியூரில் செய்த வரிசையில் வந்தது. எங்கள் ஊர் ரயில் பேசின் பிரிட்ஜ் போகிற வழியில்தான் அந்த ஊரும். ஒரே சிலிண்டர், ஆனால் இன்லெட்டுக்கு ஒரு குட்டிக் கேம், எக்ஸாஸ்ட்டுக்கு ஒரு குட்டிக் கேம், இரண்டும் தனித்தனி. வலது பக்கம் ஒற்றை நட்டில் நிற்கிற சின்ன மூடியைக் கழற்றினால் புஷ் ராடு இரண்டும் தெரியும். அதற்குப் பில்லர் கேஜ் வேண்டாம். என்ஜின் ஆறியிருக்கும்போது இரண்டு விரலால் உருட்டினால் உருள வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அவ்வளவுதான் அளவு. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து, அதை விரலால் உருட்டிப் பார்ப்பார். என் அக்கா மகன் இப்போது வைத்திருக்கிற புல்லட்டில் கேம் தலைக்கு மேல் ஏறிவிட்டது, செயின் போட்டுச் சுற்றுகிறது. உருட்டிப் பார்க்கப் புஷ் ராடே கிடையாது.

அந்த லாரி மூன்றாம் நாள் சாயங்காலம் கிளம்பியது. டிரைவர் எனக்கு ஐந்து ரூபாய் கொடுத்தார். ஒரு நாள் தாமதத்துக்கு நான்தான் காரணம் என்று அவருக்குத் தெரியாது. மேஸ்திரிக்குத் தெரியும். அந்த வாரக் கூலியில் ஒன்றும் பிடிக்கவில்லை.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது வணிகவரிச் செக்போஸ்ட்டுகளை எடுத்துவிட்டார்கள். லாரிகள் நிற்பது குறைந்தது. அதற்கு முன்பே ரோடு அகலமாகி, புளியமரமும் ஷெட்டும் போயிருந்தன.

வளைந்த புஷ் ராடை அன்றைக்கு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அது கெட்டி இரும்பு இல்லை, உள்ளே குழாய். இரண்டு முனையிலும் இருந்த குமிழை மேஸ்திரியே அறுத்துக் கொடுத்தார். அம்மா அதை அடுப்படியில் ஊதுகுழலாக வைத்துக்கொண்டாள். சவுக்கு விறகு ஈரமாக இருந்தால் அதை வைத்து ஊதுவாள். கேஸ் அடுப்பு வருகிறவரை பல வருஷம் இருந்தது. ஒரு நாள் பக்கத்து வீட்டு அத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “இன்னா இது, கோணிக்கினு கீது?” என்றாள்.

அம்மா திருப்பி வாங்கிக்கொண்டாள். “நேரா இருந்தா நமக்கு ஏன் குடுக்கறான்?”